1414 என்று பொறித்த வாள்: மூன்று வாரக் குறிப்பு

நண்பன் வீட்டுப் பூஜை அறையில் நீளமான நேர்வாள் ஒன்று இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். தஞ்சை மராத்தியர் காலத்தில் முன்னோர் அரண்மனைச் சேவகத்தில் இருந்தபோது கிடைத்ததாம். அலகில் 1414 என்று எண் இருப்பதால் அறுநூறு வருஷத்துப் பழசு என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். "வருஷமே வெட்டியிருக்கே தம்பி, அப்புறம் என்ன ஆராய்ச்சி?" என்றார் தாத்தா. ஆனாலும் தொட்டுப் பார்க்க விட்டார்.

முதல் வாரம் முழுக்கத் துருதான். உப்புத்தாள் பக்கமே போகவில்லை. ஒரு தேய்ப்பில் முத்திரை போய்விடும். தையல் மெஷின் எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் போதும். நான்கு மாலைகளில் அலகின் இரு பக்கமும் மூன்று மூன்று நீளப் பள்ளங்கள் தெரிந்தன. அலகு 91 செ.மீ.

அடுத்த வாரம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். எண்ணுக்கு அருகே ஓடுகிற விலங்கு ஒன்று! மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு உளிக்கோடுகள்தான், கோடுகளுக்குள் பித்தளையின் மஞ்சள். ஜெர்மனியின் பாசாவ் நகரத்து ஓநாய் முத்திரை இப்படித்தான் இருக்கும். அதே நாட்டில் சோலிங்கன் என்ற ஊர்க் கொல்லர்களும் பிற்பாடு அதையே போட்டார்கள். அதனால் ஓநாயை மட்டும் வைத்து ஊரைச் சொல்ல முடியாது. 1414 என்பதும் வருஷம் இல்லை. 17-ம் நூற்றாண்டு சோலிங்கன் அலகுகளிலும் அதே எண் வரும். ராசியான எண்ணாக வெட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டுக் கொல்லர்களும் இந்த முத்திரைகளைப் பார்த்து வெட்டியதுண்டு. இங்கேதான் ரொம்ப நேரம் திணறினேன். பள்ளங்களின் ஒழுங்கையும் பித்தளையையும் பார்த்தால் ஐரோப்பிய அலகு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்படி வந்த அலகுக்கு நம் பிடி போட்ட வாளை மராத்தியில் ஃபிரங்கி என்பார்கள். நம் 'பறங்கி'யும் அதே சொல்தான். 1875-76-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கோலாப்பூர் அரசர் கொடுத்த வாளிலும் ஐரோப்பிய அலகுதான். அது சிவாஜியின் பவானி வாளா, ஜகதம்பா வாளா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

பிடி நம் நாட்டு வேலை: கையை மூடும் கூடு, முனையில் முள். இந்த வாரம் அதன் அடியில் கண்ட ஒன்றுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அலகைத் தாங்கும் பட்டைக்கு வெளியே, ஆணி இல்லாத ஒரு துளை. அப்படியானால் இந்த அலகு முன்பு வேறு பிடியில் இருந்திருக்கிறது. அலகுக்கு ஒரு வயது, பிடிக்கு அதைவிடக் குறைந்த வயது.

தாத்தாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ இது நம்ம வாள் இல்லையா?" என்றார். "பிடி நம்மளுதுதான் தாத்தா, அந்த வயசைத்தான் இனிமே பார்க்கணும்" என்றேன். சரி, பாரு என்று தலையாட்டினார்.

பட்டையின் ஓர வேலைப்பாட்டை அளவோடு வரைந்து வைத்திருக்கிறேன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. வரைபடத்தோடு அங்கே போய் ஒவ்வொரு பிடியாக ஒப்பிட வேண்டும்.