எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு மூன்று நாடகங்கள்

இந்தக் கல்வியாண்டில் மூன்று நாடகங்கள் என்று முடிவாகி, தலைமையாசிரியர் கையெழுத்திட்ட தாள் போன வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. ஏப்ரலில் தொடங்கிய வேலை, ஆடி பிறக்கப் போகும் நேரத்தில்தான் முடிந்தது. வேறு பள்ளிகளில் நாடக மன்றம் தொடங்க நினைக்கும் இரண்டு ஆசிரியர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. பிள்ளைகளில் பாதிப் பேர் நெசவு வீடுகளிலிருந்து வருகிறார்கள். கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பள்ளி விட்டதும் அவர்களுக்கு வீட்டு வேலை காத்திருக்கும். இதை யோசிக்காமல் போன ஆண்டு தினமும் மாலையில் ஒத்திகை வைத்தேன். இரண்டே வாரத்தில் பதினெட்டுப் பேர் ஏழு பேராகிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை நான் எப்படிக் கோபித்துக்கொள்ள முடியும்? அதனால் இந்த முறை நாடகப் பட்டியல் போடுவதற்கு முன்னால், யார் எத்தனை மணிவரை இருக்க முடியும், யாருக்கு எந்த பஸ் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கினேன். செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கிடைத்தது. அதற்குள் அடங்குகிற நாடகங்களைத்தான் தேடினேன்.

அடுத்தது நாள்காட்டி. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகளுக்கும் இதே பிள்ளைகள்தான் போக வேண்டும். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை வாரத்தில் ஒத்திகை என்று பேச்செடுக்கவே முடியாது. அந்தப் பண்டிகையையொட்டி குகை என்ற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை ஊர்வலத்தில் சாமி வேடம் போட்டு நிற்கிற பிள்ளைகள் எங்களிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் வண்டியில் அசையாமல் நிற்கிறவர்களுக்கு மேடைக் கூச்சம் ஏது? கழித்துப் பார்த்ததில் ஆகஸ்ட் கடைசி, நவம்பர் நடு, ஜனவரி கடைசி என்று மூன்று இடங்கள்தான் மிஞ்சின.

முதல் நாடகம் கூத்து. பாரதக் கதையில் வரும் அபிமன்யுவின் போரைச் சொல்லும் அபிமன்னன் சண்டை. சேலத்துப் பள்ளியில் நாடகம் என்றால் கூத்தில் தொடங்காமல் வேறு எதில் தொடங்குவது? விடிய விடிய ஆடுகிற கூத்தை ஐம்பது நிமிடத்துக்குச் சுருக்க வேண்டும் என்று பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியாரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “சுருக்குங்கள் அம்மா, ஆனால் திரை பிடிப்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.” இரண்டு பேர் துணியைப் பிடித்திருக்க, வேடக்காரர் அதன் பின்னால் நின்றே பாடி, கோமாளி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி, பிறகுதான் முகம் காட்டுவார். அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் வெறும் சண்டைதான் மிஞ்சும் என்றார். நூற்றுக்கு நூறு உண்மை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அவர் கிரீடத்தைக் கொண்டுவந்தார். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகள் பதித்தது. அபிமன்னனாக நடிக்கும் எட்டாம் வகுப்புப் பையனை உட்கார வைத்து, பழைய வேட்டிக் கிழிசலை அவன் தலையில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, கிரீடத்தை வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினார். “குனி” என்றார். குனிந்தான். “குதி” என்றார். குதித்தான். கிரீடம் அசையவில்லை. பையன் எழுந்து நின்ற விதமே மாறிப்போனது. கோமாளி வேடம் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு. வீட்டில் இராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே வசனம் பாடம் செய்கிறாள். இராட்டையின் வேகத்துக்கே பேசிப் பழகிவிட்டதால் மூச்சு விடாமல் கொட்டுகிறாள். வாத்தியாருக்கு அது பிடித்துவிட்டது, அப்படியே இருக்கட்டும் என்றார்.

நவம்பர் நாடகம் உயிரோடிருக்கும் ஓர் எழுத்தாளருடையது. அதில்தான் உரிமைச் சிக்கல் வந்தது. பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, பார்ப்பவர்களும் பள்ளியைச் சேர்ந்தவர்களும் பெற்றோர்களுமாகவே இருந்தால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. வெளியாட்களை அழைத்தால் அனுமதி வேண்டும். சட்டம் விட்டாலும் எழுதியவரிடம் கேட்பதுதான் முறை என்று கடிதம் போட்டேன். முடிவை மாற்றாமல் நடியுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன்.

ஜனவரிக்கு மனோன்மணீயத்திலிருந்து நான்கு காட்சிகள். சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட கவிதை நாடகம். பிள்ளைகளுக்குக் கடினம் என்று தலைமையாசிரியர் இதற்கு மட்டும் ஒப்பவில்லை. தினமும் காலையில் நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து இந்த நாடகத்தின் தொடக்கத்தில் உள்ள பாட்டுத்தானே ஐயா, அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வாரம் ஒரு காட்சி எனக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்” என்றார்.

உடைக்கு ஒரு கடையில் முன்பணம் கொடுத்து ஏமாந்தோம். அதே தேதிக்கு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், பணமும் பாதிதான் திரும்பியது. இப்போது நெசவு வீட்டு அம்மாக்கள் இருவர் தைத்துத் தருகிறார்கள். கொலுசுப் பட்டறைத் தாத்தா ஒருவர் அபிமன்னனுக்குச் சலங்கை கோத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பலகையில் தாள் ஏறிய அன்று மாலை கோமாளி வேடக்காரியின் அம்மா வந்தார். “பெற்றோர் மட்டும்தான் வரலாமா, எங்கள் பாட்டி வரக்கூடாதா?” என்று கேட்டார். அந்தக் கட்டுப்பாடு நவம்பருக்குத்தான், பாட்டிக்கும் சேர்த்து அனுமதி கேட்டு இன்னொரு கடிதம் போடுகிறேன் என்றேன். ஆகஸ்டில் கூத்துக்குத் தெருவே வரலாம்.