டரான்டுலாவுக்கு வயசாகுதுன்னு எனக்கு லேட்டா தான் புரிஞ்சுது

2017ல வாங்குனப்போ ரெண்டு இஞ்ச் தான் இருந்துச்சு. சிலி ரோஸ் டரான்டுலா, உடம்பு பூரா முடி இருக்குற பெரிய சிலந்தி ஜாதி. பொண்ணுன்னு சொல்லிக் குடுத்தாங்க, நாங்களும் நம்பி செல்வின்னு பேரு வச்சோம். பொண்ணுன்னா 15, 20 வருஷம் சாதாரணமா இருக்கும்னு தெரிஞ்சு தான் வாங்குனேன், பெங்களூர் அல்சூர்ல எங்க வீட்டு ஹால்ல டிவிக்குப் பக்கத்துல தான் டேங்க், அம்மா ஆறு மாசம் அந்தப் பக்கமே வரல.

2022 ஆகஸ்ட்ல சட்டை உரிச்சுது. காலையில எந்திரிச்சுப் பாத்தா வேற ஆளு. கால் நீளமாயிருச்சு, வயிறு சின்னதாயிருச்சு, முன்னங்கால் ரெண்டுலயும் உள்பக்கமா கொக்கி, வாய்ப்பக்கம் இருக்குற குட்டிக் கை ரெண்டோட நுனியும் பாக்ஸிங் கிளவுஸ் போட்ட மாதிரி உருண்டையா இருந்துச்சு. செல்வி ஆம்பளை! தம்பி செல்வம்னு மாத்துனான், என் வாய்ல கடைசி வரைக்கும் செல்வி தான் வந்துச்சு. பழைய சட்டைய தண்ணில ஊறவச்சு உள்பக்கத்துல முதல் ஜோடி நுரையீரலுக்கு நடுவுல லென்ஸ் வச்சுப் பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும், பொண்ணுன்னா அங்க விந்து சேமிக்கிற பை இருக்கும். யாராவது வளக்குறீங்கன்னா தயவுசெஞ்சு சட்டைய தூக்கிப் போடாதீங்க, ஏன்னா ஆணா பொண்ணாங்கறத வச்சு தான் அதோட வயசுக் கணக்கே இருக்கு. ஆணுக்கு இந்தக் கொக்கி வந்துட்டா பெரும்பாலும் அது தான் கடைசிச் சட்டை, அதுக்கப்புறம் சில மாசத்துல இருந்து ஒன்னு ரெண்டு வருஷம் தான்.

இது தெரிஞ்சும் நான் தப்பு பண்ணேன். முதல்ல ராத்திரி பூரா நடந்துக்கிட்டே இருந்துச்சு, பொண்ணு தேடுற நடை அது, மூலையில தொட்டில் மாதிரி ஒரு சின்ன வலை கூட கட்டுச்சு. 2023 ஏப்ரல்ல சாப்பாட்ட நிறுத்துச்சு. சிலி ரோஸ் மாசக்கணக்குல பட்டினி கிடக்குற ஜாதி தான், அதனால நானும் அடுத்த சட்டைக்கு ரெடியாகுது போலன்னு மனச தேத்திக்கிட்டு ரெண்டு மாசம் சும்மா பாத்துட்டு இருந்தேன். சட்டை உரிக்கப் போற டரான்டுலாவுக்கு வயித்துல முடி கொட்டுன வழுக்கை இடம் கருப்பாகும், உள்ள புது முடி தெரியும். இதுக்கு அந்த இடம் வெளிறித் தான் இருந்துச்சு, வயிறு மட்டும் வாராவாரம் சுருங்கிட்டே போச்சு. பட்டினி மட்டும் அடையாளம் இல்ல, பட்டினியோட வயிறும் சுருங்குதான்னு பாக்கணும், இது எனக்கு ஜூன்ல தான் உறைச்சுது.

அப்புறம் கண்ணாடில ஏறுனா பாதம் வழுக்க ஆரம்பிச்சுது. முன்ன ஒட்டிக்கிட்டு உச்சி வரைக்கும் போற ஆளு. பின்னங்கால் ஒன்ன இழுத்துட்டு நடந்துச்சு, கரப்பான் மூஞ்சிக்கு முன்னாடி போனா கூட பாய்ஞ்சு புடிக்கத் தெரியல, ரெண்டு தடவ பக்கத்து மண்ணக் கடிச்சுது. இதையெல்லாம் நான் நோய்னு நினைச்சு அலைஞ்சுட்டு இருந்தப்போ கதவோரமா நின்னு பாத்த அம்மா தான் சொன்னாங்க, "ஏண்டா, அதுக்கு வயசாயிருச்சுடா, உங்க தாத்தாவும் கடைசில சுவத்தப் புடிச்சுக்கிட்டு இப்படித் தானே நடந்தாரு."

ஆனாலும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், பூச்சி சிலந்தியெல்லாம் பாக்குறவங்க ரொம்பக் கம்மி, தேடிக் கண்டுபிடிச்சேன். தண்ணி பத்தலைன்னாலும் இதே மாதிரி தளரும், அத முதல்ல சரி பண்ணிட்டு தான் வயசுன்னு முடிவு பண்ணனும்னாரு. சிலந்திக்கு கால மடக்க தான் தசை இருக்கு, முக்கியமான மூட்டுகள்ல நீட்ட தசை கிடையாது, ரத்தத்த அழுத்தி பம்ப் பண்ணி தான் நீட்டும். அந்த அழுத்தம் கொறைஞ்சா கால் உள்பக்கமா சுருண்டுக்கும். அகலமான தட்டையான மூடில தண்ணி வச்சேன், வாய் படுற மாதிரி பக்கத்துலயே, அது குடிச்சதையும் பாத்தேன். ரெண்டு வாரம் ஆகியும் நடை மாறல. அப்போ தான் ஒத்துக்கிட்டேன்.

அதுக்கப்புறம் பண்ணதெல்லாம் அதுக்கு சிரமம் கொறைக்க தான். தேங்கா நார்த்தூள் கோகோபீட்ட நிரப்பி டேங்க் மூடிக்கும் மண்ணுக்கும் நடுவுல இடைவெளிய கொறச்சேன், ஏன்னா கொஞ்ச உயரத்துல இருந்து விழுந்தா கூட வயிறு கிழிஞ்சுரலாம். கரப்பான கொன்னு, நசுக்கி வச்சேன், தின்னலைன்னா மறுநாளே எடுத்துட்டேன், உசுரோட பூச்சிய மட்டும் விடல, தளர்ந்து கெடக்குறத அதுங்க கடிச்சுரும். ஹீட்டர் வைக்கல, நம்ம ஊரு வெயிலும் குளிரும் அதுக்குப் போதும். ஃப்ரீஸர்ல வச்சா வலியில்லாமப் போயிரும்னு ஒருத்தரு சொன்னாரு, எனக்கு மனசு வரல.

2024 ஜனவரி 9, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பாத்தப்போ நேரா உக்காந்த மேனிக்கே எட்டுக் காலும் வயித்துக்கு அடியில சுருண்டு இருந்துச்சு. மல்லாக்க கெடந்தா பயப்படாதீங்க, அது சட்டை உரிக்கிற நேரம், தொடவே கூடாது. இப்படிக் குப்புற சுருண்டா தான் கடைசி. பெயிண்ட் பிரஷ்ஷால மெதுவா தொட்டேன், ஒரு கால் லேசா அசைஞ்சுது. அன்னைக்கு ராத்திரி பக்கத்துலயே உக்காந்திருந்தேன், அம்மாவும் காபி போட்டுட்டு வந்து உக்காந்தாங்க. மறுநாள் அசைவு இல்ல, இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பாத்துட்டு மொட்டமாடி செம்பருத்தித் தொட்டில புதைச்சோம். குழிய தோண்டுனது அம்மா.