இறப்பர் தோட்டத்தில் ஒரு எஞ்சின் வழக்கு

கொழும்பில் மலை கிடையாது. காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை ஓடினாலும் ஏற்றம் என்று சொல்ல ஒரு கால்வாய்ப் பாலம்தான் வரும், எங்கள் ஃபிளாட்டின் நிலக்கீழ் பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவு அதைவிடச் செங்குத்து. இப்படிப்பட்ட ஊரில் இரண்டு பேர் மலையும் மண்பாதையும் ஏறச் செய்த டர்ட் பைக் வைத்திருந்தால் என்ன நடக்கும்? வாய்ச்சண்டைதான்.

என்னுடையது யமஹா செரோ, எஞ்சின் அளவு 223 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். (செரோ என்றால் ஜப்பான் மலைகளில் திரியும், ஆடு மாதிரியான ஒரு விலங்கு. கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுவேன்.) மேல்மாடி மச்சானுடையது டிடி 125, டூ ஸ்ட்ரோக், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் துண்டு துண்டாகச் சாமான் தேடி உயிர் கொடுத்த பழசு. "உன்னுடையது 100 சிசி கூட, அநியாயம்" என்பான். உன்னுடைய எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் பெற்றோலை வெடிக்க வைக்குது, என்னுடையது இரண்டு சுற்றுக்கு ஒருக்கால்தான், மோட்டோகுரொஸ் போட்டியிலேயே 125 டூ ஸ்ட்ரோக்கை 250 ஃபோர் ஸ்ட்ரோக்கோடு ஒரே வகுப்பில் ஓட விடுறாங்கள், பிறகென்ன என்பேன் நான். ஆறு மாதமாக பார்க்கிங்கில் இதே கதை. செக்கியூரிட்டி ஐயாவுக்கே பாடமாகிவிட்டது.

கடைசியில் ஒரு ஞாயிறு அவிசாவளைப் பக்கம் போனோம். மச்சானின் சித்தப்பா அங்கே ஒரு இறப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மரத்தில் மோதக்கூடாது, மரத்தில் இறப்பர் பால் வடியும் சிரட்டையைத் தட்டக்கூடாது, இரண்டே நிபந்தனை. முதல்நாள் மழையில் செம்மண் பாதை சவர்க்காரம் போல இருந்தது.

மச்சான் முதலில். தூரத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்து இரண்டாம் கியரில் ஏறினான். நீலப் புகை, காது கிழியும் சத்தம், சும்மா சொல்லக்கூடாது, பார்க்க நல்லாத்தான் இருந்தது. பாதி மலையில் எஞ்சின் சுற்று குறைந்தது. டூ ஸ்ட்ரோக்குக்கு மேல்சுற்றில்தான் பலம், சுற்று இறங்கினால் பட்டினி கிடந்த ஆள் மாதிரி. பதறிப்போய் முதலாம் கியரைப் போட்டு முறுக்கினான். பலம் ஒரேயடியாக வந்தது, முன்சில்லு வானத்தைப் பார்த்தது, மச்சான் பின்பக்கமாக இறங்கி பைக்கை வழியனுப்பி வைத்தான். ஐந்து சிரட்டைப் பால் போச்சு.

நான் முதலாம் கியரில் டொக்கு டொக்கென்று ஆறுதலாக ஏறினேன், முக்கால்வாசி வரை. ஒரு வேரில் இடித்து எஞ்சின் நின்றது. அத்தோடு என் மூளையும் நின்றுவிட்டது: கிளச்சைப் பிடித்துக்கொண்டு முன் பிரேக்கை அமுக்கினேன். ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்சில்லில்தானே, முன்சில்லு பூட்டிக்கொண்டு அப்படியே வழுக்கும். கிளச்சை விட்டிருந்தால் கியரே பிடித்திருக்கும், இது எனக்குத் தெரியும், மச்சானுக்கு நானே பலமுறை வகுப்பெடுத்திருக்கிறேன். வழுக்கிக்கொண்டு வந்து அவன் கிடந்த இடத்திலேயே நின்றேன். சித்தப்பா எங்களைப் பார்க்கவில்லை, சிரட்டைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

இறங்குவதில் மட்டும் எனக்கு வெற்றி. த்ரொட்டிலை விட்டால் ஃபோர் ஸ்ட்ரோக் தானே இழுத்துப் பிடிக்கும். அவன் பிரேக்கை நம்பிக் கடவுளைக் கூப்பிட்டபடி வந்தான்.

வெள்ளவத்தைக்கு வரும்போது இருட்டி, தூறலும் பிடித்துவிட்டது. கட்டைகட்டையான டர்ட் டயருக்கு ஈரமான வழவழப்புத் தரை ஆகவே ஆகாது. பார்க்கிங் சரிவில் நான் சரிந்தேன், எனக்குப் பின்னால் வந்தவன் என்மேலேயே சரிந்தான். செக்கியூரிட்டி ஐயா டோர்ச்சோடு ஓடிவந்து இரண்டு பைக்கிலும் மாறி மாறி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, முதல்ல விழுந்தது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?"