யார் மடியிலும் உட்காரும் பிள்ளை

நியமன ஆணையில் என் பதவியின் பெயர் ஆற்றுப்படுத்துநர். குழந்தைகள் இல்லத்தில் ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு மிஸ், ஆயாம்மாக்களுக்கு கவுன்சிலிங் மேடம்.

வேலையில் சேர்ந்த அன்று கேட்டைத் தாண்டியதுமே நாலு வயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கச் சொல்லிக் கை நீட்டினாள். தூக்கியதும் கன்னத்தில் ஒரு முத்தம். அன்று ராத்திரி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், "பிள்ளைங்க என்கிட்ட உடனே ஒட்டிக்கிச்சும்மா." முதல் அறிக்கையில் அவளைப் பற்றி இப்படி எழுதினேன்: 'எல்லோரிடமும் அன்பாகப் பழகுகிறாள். இல்லச் சூழலுக்கு நன்றாகப் பொருந்திவிட்டாள்.' அதைவிடத் தப்பான வரியை என் வேலையில் நான் எழுதியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்தநாள் கொண்டாட ஆட்கள் வருவார்கள். கேக், பிரியாணி, செல்ஃபி எல்லாம் இருக்கும். அவள் அவர்கள் மடியிலும் போய் உட்கார்ந்துகொள்வாள். என் கழுத்தைக் கட்டிய அதே கைதான் அவர்கள் கழுத்தையும் கட்டும். வந்தவர்கள் கண் கலங்கிப் போவார்கள். அவர்கள் கார் கிளம்பும்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். இது எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆனது, அதுவும் ஒரு விபத்தால்தான். மாடிப்படியில் தடுக்கி விழுந்து முழங்கால் கிழிந்துவிட்டது. ரத்தம் வழிகிறது, அவள் அழவில்லை. பத்தடி தூரத்தில் நான் நிற்கிறேன், என்னிடம் வரவில்லை. குழாயடிக்குப் போய், குத்துக்காலிட்டு, தானே கழுவிக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கும்போது ஊரில் உள்ளவர்கள் மேலெல்லாம் ஏறுகிற பிள்ளைக்கு, வலித்தால் போக ஓர் ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான், பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு மறந்திருந்த ருமேனியக் கதையைத் தேடிப் படித்தேன். அந்த நாட்டுச் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தார். வறுமையில் பெற்றோர் விட்டுவிட்ட பிள்ளைகளால் அரசு இல்லங்கள் நிரம்பின. 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது, அந்த இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். 2000இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் தலைநகர் புக்கரெஸ்டில் இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இல்லத்தில் இருந்தார்கள். (பாதிப்பேரை அங்கேயே விடுவது நியாயமா என்று இன்றுவரை வாதம் உண்டு. எனக்கும் நெருடல்தான். ஆனால் இவர்கள் தொடங்கியபோது அந்த ஊரில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே பேருக்குத்தான் இருந்தது.) இல்லத்துக் குழந்தைகளின் மூளை மின்னலைகள் சொந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளுடையதைவிட மந்தமாக இருந்தன. பின்னால் ஸ்கேன் எடுத்தபோது மூளையின் சாம்பல்நிறப் பகுதியும் குறைவாகத் தெரிந்தது. இரண்டு வயதுக்கு முன்னால் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு எட்டு வயதில் அந்த அலைகள் வீட்டுப் பிள்ளைகளுடையதைப் போலவே ஆகிவிட்டன. அறிமுகமில்லாதவர்களிடம் தயங்காமல் போய் ஒட்டிக்கொள்வதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

அங்கே யாரும் அடித்ததால் மட்டும் வந்த பாதிப்பு இல்லை இது. குழந்தை அழுகிறது, ஒருத்தி வந்து தூக்குகிறாள், உடம்பில் ஏறிய கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் இறங்குகிறது. இது ஆயிரம் தடவை நடந்தால்தான் மூளையில் பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதிக்கு அடங்கிப்போகவும் பழக்கம் வரும். அழுதும் யாரும் வரவில்லை என்றால் குழந்தை அழுகையை விட்டுவிடுகிறது. நாம் அதைச் சமர்த்து என்கிறோம்.

அவளுக்கு அப்போது நாலரை வயது. 'இரண்டு வயதுக்கு முன்னால்' என்ற இடத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் குடும்பத்துக்குப் போன பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன என்றும் அதே ஆய்வில் இருந்தது. சரி, முடிந்ததைப் பார்ப்போம் என்று டியூட்டி நோட்டை எடுத்தேன். மூன்று ஷிஃப்ட். ஒரே வாரத்தில் அவளைக் குளிப்பாட்டியவர்கள் ஐந்து பேர்.

ஆறு பிள்ளைகளுக்கு ஓர் ஆயாம்மா, குளியலும் ராத்திரித் தூக்கமும் அவர் பொறுப்பு என்று கேட்டேன். "ஒருத்தர்கிட்டயே ஒட்டிக்கிட்டா, அவங்க வேலைய விட்டுப் போனதும் பிள்ளை ஏங்கிப்போயிடாதா?" என்றார் கண்காணிப்பாளர். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஏங்குவதற்கு ஆள் இல்லாத பிள்ளையின் நிலைமை அதைவிட மோசம் என்று சொல்லிப்பார்த்தேன். நாலு மாதம் இழுத்தடித்து, அப்புறம் ஒத்துக்கொண்டார்கள்.

மாதக்கணக்கில் ஒன்றும் மாறவில்லை. அவள் பாட்டுக்கு மடி மடியாகப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு வருடம் ஆகப்போகும் சமயம், ஆயாம்மா தங்கை மகளின் காதுகுத்துக்காக நாலு நாள் லீவில் ஊருக்குப் போனார். முதல் நாள் ராத்திரி அவள் சாப்பிடவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை அழுதாள். நான் தூக்கப் போனேன். "நீ வேணாம், போ" என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். வராந்தாவில் நின்று நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான், ஆனால் அதை அந்த நேரத்தில் வார்டனுக்கு எப்படி விளக்குவது!

ஐந்தாம் நாள் காலை ஆயாம்மா பையோடு உள்ளே வந்தார். அவள் ஓடிவரவில்லை. கதவோரம் நின்று முறைத்தாள். மத்தியானம்வரை பேச்சில்லை. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவரிடம் மெதுவாகப் போய், முட்டியைத் திருப்பி, ரெண்டு நாள் முன்னால் பட்டு ஏற்கெனவே காய்ந்துபோயிருந்த ஒரு சிராய்ப்பைக் காட்டினாள்.