மாலை நேர எம்பிஏ: கையேட்டின் பின்பக்கங்கள்

எங்கள் அலுவலகத்தில் என்னைவிடப் பத்து வயது இளையவர் ஒருவர், சென்ற வாரம் ஒரு மாலை நேர எம்பிஏ படிப்பின் சேர்க்கை விதிகளை அச்செடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஆறு பக்கங்களில், ஜிமேட் என்னும் மேலாண்மை நுழைவுத் தேர்வைப் பற்றிய ஒரே ஒரு வரிக்குத்தான் மஞ்சள் பூசியிருந்தார். "ஜிமேட்டில் எவ்வளவு எடுத்தால் இடம் கிடைக்கும், அண்ணா?" என்று கேட்டார். இதே படிப்பை வேலை பார்த்துக்கொண்டே முடித்தவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறார். சேருவதற்கு முன் நானும் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் என்னை உண்மையில் அலைக்கழித்தவை, கையேட்டில் அவர் அச்செடுக்காமலே விட்ட பின்பக்கங்களில் இருந்த, பட்டம் பெறுவதற்கான விதிகள்.

அவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜிமேட் தேர்வு 2023 நவம்பரில் புதிய வடிவம் பெற்றது. இப்போது அது கணக்கு, மொழித்திறன், தரவு நுண்ணறிவு என்னும் மூன்று பகுதிகளைக் கொண்டது. பகுதிக்கு 45 நிமிடம், மொத்தம் 64 கேள்விகள், கட்டுரை கிடையாது. மதிப்பெண் அளவும் 200–800 என்பதிலிருந்து 205–805 என்று மாறிவிட்டது. பழைய 700-க்கு நிகராகப் புதிய அளவில் 645 வைக்கப்படுகிறது. ஆகவே முன்பு படித்தவர்கள் சொல்லும் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு மனம் தளர வேண்டியதில்லை. மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். மாலை நேரப் படிப்புகளில் பல, ஜிஆர்இ என்னும் இன்னொரு முதுநிலை நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் ஏற்கின்றன. போதிய பணி அனுபவமோ வேறொரு முதுநிலைப் பட்டமோ இருப்பவர்களுக்குத் தேர்விலிருந்தே விலக்குத் தரும் இடங்களும் உண்டு. ஆனால் விலக்கு தானாக வந்துவிடாது. கடைசித் தேதிக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

நாட்களைத் தின்றது தேர்வு அல்ல, சான்றிதழ்கள்தான். இளநிலையில் படித்த ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலிருந்தும் மதிப்பெண் பட்டியல் நேரடியாக அனுப்பப்பட வேண்டும் என்பது வழக்கமான விதி. நம் கையில் இருக்கும் நகல் விண்ணப்பத்துக்கு உதவுமே தவிர, இறுதிச் சேர்க்கைக்கு உதவாது. மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் இன்னொன்றையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பட்டம் இயல்பானது. நான்காண்டுப் பட்டத்தை அளவுகோலாகக் கொண்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அதை ஏற்கும் இடங்களும் உண்டு, ஏற்காத இடங்களும் உண்டு. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் திறன் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டாண்டுக்கு மேல் செல்லாது என்பதையும் நினைவில் வைத்துத் தேதிகளை அமைத்துக்கொள்ள வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்தை மேலதிகாரியிடமே வாங்கச் சொல்வதை முதலில் ஒரு தொல்லையாகத்தான் நினைத்தேன். பிறகுதான் அதன் பயன் புரிந்தது. வாரத்தில் இரண்டு நாள் நான் நேரத்தோடு கிளம்பியாக வேண்டும் என்பது, வகுப்பு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லாமல் சேர்ந்த வகுப்பு நண்பர் ஒருவர், ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் காரணத்தோடு அலுவலகத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

இனி பின்பக்கங்களுக்கு வருகிறேன். நான் படித்த படிப்புக்கு 48 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) தேவை. ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால் 16 பாடங்கள். சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. "அவசரமில்லை, பருவத்துக்கு ஒரு பாடம் என்று மெதுவாகப் படித்துக்கொள்ளலாம்" என்றுதான் வேலையில் இருப்பவர்கள் எல்லோருமே தொடங்குகிறோம். ஆண்டுக்கு இரண்டு பருவம், பருவத்துக்கு ஒரு பாடம் என்றால் 16 பாடங்களுக்கு எட்டு ஆண்டுகள் ஆகும். பட்டம் கைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே காலக்கெடு தீர்ந்துவிடும். கோடைப் பருவத்தையும் விடாமல் ஆண்டுக்கு மூன்று பாடம் படித்தாலும் ஐந்தாண்டுகளைத் தாண்டிவிடும். நடுவில் ஒரு குழந்தை பிறந்தாலோ ஒரு பணி மாற்றம் வந்தாலோ கணக்கு உதைக்கும். பருவத்துக்கு இரண்டு பாடம் என்பதுதான் நடைமுறையில் ஒத்துவரும் வேகம். ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பு என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால், 3 கிரெடிட் பாடத்துக்கு வாரம் மூன்று மணி நேர வகுப்பு என்ற கணக்கில், இரண்டு பாடங்களுக்கு வாரத்தில் 18 மணி நேரம் போய்விடும். இந்த எண்ணை விண்ணப்பிப்பதற்கு முன்பே வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லவில்லை; அதன் விளைவுகளை இங்கே எழுதப் போவதுமில்லை.

அடுத்தது பாடங்களின் வரிசை. எனக்குப் புள்ளியியல் என்றால் பள்ளிக் காலத்திலிருந்தே ஒரு நடுக்கம். முதல் ஆண்டிலேயே எடுத்துவிடுமாறு கையேடு பரிந்துரைத்திருந்தது. கட்டாயம் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு சந்தைப்படுத்தல், மனிதவளம், தலைமைப் பண்பு என்று பேச்சுக்கு இடமுள்ள பாடங்களாகப் பொறுக்கி எடுத்துப் படித்து, புள்ளியியலை மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பருவத்துக்குத் தள்ளிவிட்டேன். புள்ளியியலை முடிக்காமல் நிதி மேலாண்மையை எடுக்க முடியாது. நிதி மேலாண்மை உட்பட எல்லா அடிப்படைப் பாடங்களையும் முடிக்காமல், இறுதிப் பாடமான வணிக உத்தியை எடுக்க முடியாது. அந்த இறுதிப் பாடம் ஆண்டின் முதல் பருவத்தில் மட்டுமே மாலையில் நடந்தது. நான்காம் ஆண்டின் முதல் பருவத்தில் நிதி மேலாண்மையில் உட்கார்ந்திருந்தேன். அதே நேரம் என்னோடு சேர்ந்தவர்கள் பக்கத்து அறையில் இறுதிப் பாடத்தில் இருந்தார்கள். நான்கு ஆண்டு முடிவில் 45 கிரெடிட்டோடு நின்று, மிச்சமிருந்த ஒரே பாடத்துக்காக ஐந்தாம் ஆண்டுக்குக் காத்திருந்தேன். இதில் கல்லூரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் அச்சில் இருந்தது. பகல் நேர மாணவர்களுக்கு எல்லாப் பருவங்களிலும் கிடைக்கும் பாடம் மாலையில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கலாம். ஆகவே பாடப் பட்டியலைப் பார்த்தால் போதாது, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் மாலை நேர அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் விதியும் முதுநிலையில் வேறு மாதிரி. ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2 என்று எண்ணும் முறையில், பட்டம் பெறச் சராசரி 3.0 இருக்க வேண்டும். சி வாங்கினால் கிரெடிட் கிடைத்துவிடும், ஆனால் அதை ஈடுகட்ட இன்னொரு பாடத்தில் ஏ வாங்கியாக வேண்டும். பி மைனஸ் என்பது 2.7 தான், அதுவும் சராசரியைக் கீழே இழுக்கும். நிறுவனம் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. பெரும்பாலும் பருவம் முடிந்து, குறைந்தபட்சம் பி வாங்கிய பிறகே பணம் வரும். அந்தப் 'பி'யில் பி மைனஸ் அடங்குமா என்பதை மனிதவளத் துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேறிடத்தில் படித்த முதுநிலைப் பாடங்களைக் கணக்கில் சேர்க்கலாமா என்றும் அவர் கேட்டார். பொதுவாக இரண்டு அல்லது மூன்று பாடங்கள் வரை சேர்க்கலாம். பி அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், வேறொரு பட்டத்துக்கு அவை பயன்பட்டிருக்கக் கூடாது. இளநிலையில் கணக்கியல் படித்ததற்காக அடிப்படைப் பாடத்திலிருந்து விலக்குக் கிடைத்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். சில இடங்களில் அந்த 3 கிரெடிட் மொத்தத்திலிருந்து குறையும். சில இடங்களில் அதற்குப் பதிலாக வேறொரு பாடம் படிக்க வேண்டும்.

இவ்வளவையும் அவர் அச்செடுத்த தாளின் பின்புறத்திலேயே கட்டம் போட்டு, எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் கட்டத்தில் புள்ளியியல். கடைசிக் கட்டத்தில் எழுதியதைப் பார்த்துச் சிரித்தார்: 'பட்டத்துக்கு விண்ணப்பம்'. 48 கிரெடிட்டும் சேர்ந்துவிட்டால் பட்டம் தானாக வரும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். இறுதிப் பருவத்தின் தொடக்கத்தில் அதற்கென ஒரு படிவம் உண்டு, அதற்கும் கடைசித் தேதி உண்டு. அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, பக்கத்து இருக்கைக்காரர் தற்செயலாகக் கேட்டதால்தான் எனக்கு அது தெரிந்தது.