மூச்சு முட்டினால் சரியாகக் கட்டியிருக்கிறது

வேலூர் லாங்கு பஜார் பக்கம் எனக்குச் சின்னதாய் ஒரு வாடகை டிரஸ் கடை. ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி என்று வந்தால் கூட்டம் அள்ளும், மற்ற நாளில் ஈ ஓட்டுவேன். பாரதியார் கோட்டு, கிருஷ்ணர் கிரீடம், ஜான்சி ராணி வாள் என்று எதைக் கேட்டாலும் லேசாக இருக்க வேண்டும், குத்தக்கூடாது, பிள்ளை அழக்கூடாது. அப்படி ஈ ஓட்டிய ஒரு மத்தியானம் போனில் எய்கோ இஷியோகா செய்த உடைகளைப் பார்க்க ஆரம்பித்தவன், ரெண்டு வாரமாக அந்தம்மாவை விட்டு வெளியே வர முடியவில்லை.

1938இல் டோக்கியோவில் பிறந்தவர். 1961இல் ஷிசெய்டோ என்கிற அழகுசாதன கம்பெனியில் விளம்பரப் பிரிவில் சேரும்போதே, டீ போட்டுக் கொடுக்கிற வேலைக்கெல்லாம் நான் வரமாட்டேன், ஆம்பளைக்குத் தருகிற சம்பளத்தைக் கொடு என்று நேர்முகத் தேர்விலேயே கறாராகச் சொல்லியிருக்கிறார். தையல்காரர் இல்லை, போஸ்டர் டிசைன் செய்கிறவர். உடை பக்கம் வந்தது ரொம்பப் பிறகு. கொப்போலா எடுத்த டிராகுலா படத்துக்கு (1992) உடை செய்து அடுத்த வருஷம் ஆஸ்கர் வாங்கினார். அந்தப் படத்தில் டிராகுலா போட்டிருக்கும் சிவப்புக் கவசத்தைப் பாருங்கள், தோலை உரித்த உடம்பில் தசைநார் தெரிகிற மாதிரி வரிவரியாக ஓடும். அதில் வருகிற லூசி என்கிற பெண்ணின் வெள்ளைக் கல்யாண கவுனுக்குக் கழுத்தைச் சுற்றி அகலமாக விரிகிற காலர் வைத்தாரே, அதற்கு மாதிரி ஆஸ்திரேலியாவில் இருக்கிற, பயந்தால் கழுத்துத் தோலை விசிறி மாதிரி விரிக்கிற ஓணான். கல்யாணப் பெண்ணுக்கு ஓணான் கழுத்து வைக்க யாருக்குத் தோன்றும்!

1990களின் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் வாக்னர் என்கிற ஜெர்மன் இசையமைப்பாளரின் நீபெலுங் மோதிரம் ஆப்பராவுக்கு உடை செய்தார். ஆப்பரா என்றால் பாட்டிலேயே நடக்கிற நாடகம்; நம்ம ஊரில் கூத்து என்று சொன்னால் பாதி புரிந்துவிடும். இது நாலு ராத்திரி, மொத்தம் ஏறக்குறைய 15 மணி நேரம். தேவர்கள், ராட்சதர்கள், குள்ளர்கள், நடுவில் ஒரு தங்க மோதிரம், அதற்காகச் சத்தியம் மீறுவது, கடைசியில் எல்லாம் தீயில் போவது. திரௌபதி அம்மன் கோயிலில் ராத்திரி ராத்திரியாகப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஒன்றும் புதுசில்லை. ஆனால் ஆப்பரா பாடுகிறவர்களுக்கு மைக் கிடையாது, வாத்தியக் கூட்டத்தைத் தாண்டி வெறும் தொண்டையில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். விலா எலும்பு விரிய இடம் விடணும், காதை மூடக்கூடாது. இந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டுதான் ஆளைத் தெய்வமாகக் காட்ட வேண்டும்.

என் தாய்மாமன் செய்யாறு பக்கம் துரியோதன வேஷம் கட்டியவர். அப்போது அது வட ஆற்காடு, 1989க்கு அப்புறம் திருவண்ணாமலை மாவட்டம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாமே கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது. அந்த மரம் கனம் இல்லாதது, விடிய விடிய ஆடுகிறவன் சுமக்கலாம். மேலே கலர் காகிதம், கண்ணாடிச் சில்லு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் சுழலும்போது அந்தச் சில்லுகள் எங்கள் முகத்தில் எல்லாம் புள்ளிபுள்ளியாக அடித்துவிட்டுப் போகும். முகம் செக்கச்செவேல். மேடையே கிடையாது, ஒரு பெஞ்சு, ரெண்டு பேர் பிடித்த திரை, அவ்வளவுதான். மாளிகை, சபை, சிம்மாசனம் எல்லாம் அந்த ஆள் உடம்பிலேயே இருக்கும். கொப்போலாவும் டிராகுலாவில் செட்டைக் குறைத்து உடையையே செட்டாக்கச் சொன்னாராம். எங்கள் ஊரில் யாரும் சொல்லவே வேண்டியிருந்ததில்லை.

பத்து வயசில் ஒருநாள் அடம்பிடித்து அந்தப் புஜக்கட்டையைக் கட்டிக்கொண்டேன். கயிறு அக்குளில் அறுத்தது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பக்கத்தில் யார் என்று பார்க்க வேண்டுமென்றால் மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. மாமா சிரித்தார்: "இன்னாடா மாப்ள, மூச்சு முட்டுதா? அப்போ சரியாத்தான் கட்டிக்கீறேன்."

எய்கோ உடை செய்த இன்னொரு படம் தி செல். அதில் நடித்த ஜெனிஃபர் லோபஸ் தன் கழுத்துப் பட்டை குத்துகிறது, கொஞ்சம் தளர்த்தக்கூடாதா என்று கேட்டதற்கு, முடியாது, நீ வதைபடுகிறவளாக வருகிறாய் என்றாராம் எய்கோ. படித்ததும் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மாமா குரலில்தான் கேட்டது. கழுத்து திரும்பாததால்தான் துரியோதனன் யாரையும் முழு உடம்போடு திரும்பிப் பார்த்தான், அதுதான் ராஜ நடை. நடிப்பில் பாதியைக் கயிறு செய்தது.

எய்கோ 2012 ஜனவரியில் போய்விட்டார். மாமா அதற்கும் முன்னால். அவருடைய கிரீடத்தை ஒருமுறை பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டேன், புத்தி கெட்டுப்போய். ஒரு பக்கம் பிளந்து, நாலு சில்லு உதிர்ந்து வந்தது, முன்பணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கல்யாண முருங்கைக் கட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை ஃபெவிகால் போட்டு, துணி சுற்றி, மேல் தட்டில்.

நேற்று ஒரு அம்மா ராவணன் டிரஸ் கேட்டு வந்தார். "பையனுக்கு வெயிட் இல்லாம இருக்கணும் அண்ணா." தெர்மாகோல் தலையை எடுத்துக் கொடுத்தேன், 300 ரூபாய்.