சாய்தளத்தில் புகை மண்டலம்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் சக்கர நாற்காலி ஏற ஒரே ஒரு சாய்தளம்தான். அதற்கு மேலே கூரை இருப்பதால் சிகரெட் கூட்டமும் அங்கேதான். போதாக்குறைக்குக் கைப்பிடிக் கம்பியை ஒட்டிச் சாம்பல் தொட்டியை வைத்ததே நிர்வாகம்தான்! கம்பியைப் பிடித்தால் கையில் சாம்பல். படியேறுகிறவர்கள் வேறு வாசலில் போகலாம். ஆஸ்துமாவும் உள்ள நான் எங்கே போவது?

மாற்றுத்திறனாளிகள் பிரிவைக் கேட்டால் "புகை எங்கள் பொறுப்பில் வராது" என்கிறார்கள். சுகாதாரப் பிரிவோ "சாய்தளமா? கட்டடப் பிரிவைப் பாருங்கள்" என்று கைகழுவுகிறது.

சரி என்று இரண்டையும் ஒரே மனுவாக்கி மூன்று பிரிவுக்கும் சேர்த்தே அனுப்பினேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கை (2006), 9-ஆம் பிரிவில் கட்டடங்களை அணுகுவதற்கான தடைகளை நீக்கச் சொல்கிறது. மூச்சு முட்டி உள்ளே நுழைய முடியாததும் தடைதானே? "திறந்தவெளிதானே" என்பார்கள் என்று தெரியும். அடுத்தவர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கையே சொல்கிறது, அதையும் சேர்த்தேன். தேதி, நேரம் போட்ட படங்களும் இணைப்பில்.

இப்போது தொட்டி நகர்ந்திருக்கிறது, கூட்டமும் அதன் பின்னாலேயே போய்விட்டது. ஆனால் தானியங்கிக் கதவின் பொத்தான் இன்னும் வேலை செய்யவில்லை. அதற்கு அடுத்த மனு தயார். இதே வாசலில் அவதிப்படுகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே கையெழுத்திடுவோம்.